வெளிறிய சொரெல்

சங்ரே கிராண்டே கடைத்தெருவில் செருப்புக் கடை விற்பனைப் பெண் ஜாய்லின் கிட்டன்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு காரியத்தை முதலில் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். அது நம்மால் ஆகுமா என்ற யோசனை பிறகுதான் வரும். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டது அப்படித்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு, வீடு வீடாகப் பாடிவந்த பராங் கோஷ்டி மராக்காக் கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டு கூடத்தில் நிற்கும்போது, கையில் சிவப்புச் சொரெல் பானம் நிறைந்த தம்ளரோடு நாற்காலிமேல் ஏறி, "வர்ற செப்டம்பர்ல நான் ரத்தப் பரிசோதனைப் படிப்புல சேரப்போறேன்" என்று அறிவித்ததும் அப்படித்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவின் தங்கை, டான்டி மெர்ல், மட்டும் கைதட்டவில்லை. "பரீட்சைய இவ வாயே எழுதிடும்னா நிச்சயம் பாஸ்தான்" என்று கிதார்க்காரரிடம் சொன்னாள்.

விடுமுறை கழிந்ததும் கல்லூரியின் நிபந்தனைகளைப் படித்த ஜாய்லினுக்குப் பகீரென்றது. பள்ளியின் கடைசிப் படியில் எழுதும் கேப் தேர்வில் உயிரியல், வேதியியல் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். உயிரியல் எப்போதோ முடித்தாயிற்று. வேதியியலைப் பள்ளியிலேயே பாதியில் கைகழுவியவள் அவள். தாமதமாக வருகிற தனித்தேர்வர்களுக்குப் பதிவு இன்னும் திறந்திருந்தது, ஆனால் தேர்வு மே மாதமே. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்கப் படிப்பதை இவள் ஐந்து மாதத்துக்குள், ஆளில்லாமல் விழுங்க வேண்டும். பின்வாங்கலாம் என்றால் பராங் கோஷ்டி அதற்குள் பாதித் தீவுக்குச் செய்தியைக் கொண்டுபோயிருந்தது.

கடையின் கிடங்கில் ஏணிப்படியில் உட்கார்ந்து படித்தாள். மறந்துபோகிற வேதிவினைகளை எல்லாம் செருப்புப் பெட்டிகளின் மூடியில் எழுதிவைத்தாள். ஒருநாள் ஓர் அம்மாள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, செருப்பை எப்படிக் கழுவுவது என்று மூடியில் எழுதியிருப்பது புரியவில்லை, கொஞ்சம் படித்துச் சொல்லேன் என்றாள். மூடியில் எஸ்டர் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் முறை இருந்தது. வெயிலில் காயப்போடாமல் இருந்தால் போதும் என்று சொல்லி ஜாய்லின் மூடியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஊரே தெருவில் ஆடும் கார்னிவல் திங்களன்று தோழிகள் இறகும் மினுக்குமாக வாசலில் வந்து கூப்பிட்டபோது கூடப் போகாமல் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

எழுத்துத் தாள்கள் அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. தனித்தேர்வர்களை ஏதோ ஒரு பள்ளியின் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு நடத்தும் செய்முறைத் தேர்வுதான் பயம். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். அதனால் வீட்டுச் சமையலறையை ஆய்வகமாக்கினாள். சோடா உப்புக் கரைசலில் கொஞ்சம் சொரெல் விட்டால் அது பச்சையாகத் திரும்பும். மருந்துக்கடை ஊசிக்குழாயால் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட, மறுபடியும் சிவக்கும். காசில்லாத நிறங்காட்டி.

காசில்லாதது ஜாய்லினுக்கு மட்டும். அந்தச் சொரெல், புளிச்சைச் செடியின் சிவப்பு இதழ்களைக் கிராம்பும் இஞ்சியும் சேர்த்து ஊறவைத்து, டான்டி மெர்ல் உறைபெட்டியில் பூட்டாத குறையாகப் பாதுகாத்தது. தம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியக்கூடாது, அதுதான் அவளுக்குச் சொரெல். பக்கத்து வீட்டு ஆலிவ் ஒரு கிறிஸ்துமஸுக்கு வெளிறிய சொரெல் ஊற்றிக்கொடுத்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"என்னடி இது, ரோஸ் தண்ணி?" என்று சமையலறையில் எட்டிப்பார்த்துக் கேட்பாள். "செய்றதுதான் செய்ற, நல்லா சிவக்கவிடு. குடும்ப மானம் போகுது."

ஜாய்லினும் நன்றாகச் சிவக்கும் வரை விட்டுத்தான் பழகினாள்.

தேர்வு நாளன்று ஆய்வகத்தில் நிறமில்லாத அமிலத்தில் பீனால்ஃப்தலீன் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, காரம் நிரப்பிய பியூரெட்டைத் திறந்தாள். குடுவைக்குள் லேசாக ஓர் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்தது. ஆலிவ் வீட்டுச் சொரெல் என்று நினைத்துக்கொண்டு இன்னும் விட்டாள். நல்ல அடர்த்தி வந்ததும் நிறுத்தி அளவைக் குறித்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே செய்தாள். இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்பதுபோல் நின்றன. மூன்றாவது முறை இன்னும் மோசம்.

மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியையிடம் இன்னும் அமிலம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் அளந்து வச்சது அவ்வளவுதாம்மா" என்றாள் அவள், கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி. "மிச்சத்தைப் பார்த்துச் செலவு பண்ணு."

மிச்சம் இரண்டு தடவைக்குத்தான் காணும். ஜாய்லின் முக்காலியில் உட்கார்ந்து அடர்சிவப்புக் குடுவைகளைப் பார்த்தாள். மூன்றும் ஜம்மென்று, தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கலாம்போல் இருந்தன. அப்போதுதான் உறைத்தது. 'மறையாத முதல் வெளிர் நிறத்திலேயே நிறுத்து' என்ற வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள், செருப்புப் பெட்டி மூடியில்கூட எழுதியிருக்கிறாள். ஆனால் கை படித்தது டான்டி மெர்லிடம். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த குடுவையில், ஒருவருக்கும் ஊற்றிக்கொடுக்க முடியாத கேவலமான ஓர் இளஞ்சிவப்பு வந்தது. சட்டென்று நிறுத்தினாள். அதற்கடுத்ததிலும் அதே கேவலம். இரண்டு அளவுகளும் அக்கா தங்கைபோல் ஒட்டி நின்றன. கடைசிக் கேள்வியைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அந்தக் கடைசிக் கேள்வி ஆகஸ்ட் வரை அவள் தூக்கத்தைக் கெடுத்தது. முடிவு வந்த காலையில் கைப்பேசியை டான்டி மெர்லிடம் நீட்டினாள்.

"நாலுன்னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?"

"ஒண்ணுதான் உசத்தி, அஞ்சு வரைக்கும் பாஸ், டான்டி. காலேஜுக்கு இது போதும்."

டான்டி மெர்ல் எழுந்துபோய் உறைபெட்டியைத் துழாவினாள். ஜாய்லினின் சோதனைகளுக்குப் பிறகு அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு தம்ளருக்கு வரும்படி தண்ணீர் விட்டு நிரப்பி, ஆலிவ் வீட்டுப் பக்கத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜாய்லின் தம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்த விரல்கள் ஐந்தும் தெரிந்தன. "இதேதான் டான்டி, சரியான கலர்" என்றாள்.

"வாயை மூடிட்டுக் குடி. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத."

மத்தியானத்துக்குள் செருப்புக் கடைக்கும், பக்கத்துக் கடைகளுக்கும், மாக்ஸி டாக்ஸி வேன் நிறுத்தத்தில் நின்ற எல்லோருக்கும் ஜாய்லின் தேறியது தெரிந்துவிட்டது. டான்டி மெர்லின் சொரெல் என்ன நிறத்தில் இருந்தது என்பதும்.