நாற்பத்திரண்டு படிவங்களும் ஒரு தாளும்

பெரிய தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவளை வீட்டில் சும்மா இருக்க விடுவார்களா? டயர் கடை மாடியில் கம்பெனி தொடங்கியதும் அண்ணன் மகள் அவளை இழுத்துக்கொண்டாள். ஆறே பேர், இரண்டே அறை. வேளை தவறாமல் ஒலி எழுப்பும் மாத்திரைப் பெட்டி செய்தார்கள். ஒரு மருத்துவமனை, புதுமை மேலாண்மைத் தரநிலைப்படி, அதாவது புதுப் பொருள் உருவாக்குவதற்கென்று வகுத்த விதிகளின்படி, வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்றது. அந்த ஆர்டர் நழுவினால் கம்பெனிக்குப் பூட்டுத்தான்.

தரநிலையா? அவள் கரைத்துக் குடித்தவளாயிற்றே! வந்த வாரமே நாற்பத்திரண்டு படிவம் அடித்து நீட்டினாள். 'ஃபைலக்கா' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டுமே, நிரப்பினால் சரி.

ஒரு மாதம் கழித்துப் புரட்டியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாக் கட்டத்திலும் 'சரி'. நடக்காத கூட்டத்துக்கும் 'சரி'. கீழே விழுந்ததும் திறந்து மாத்திரையைக் கொட்டிய மூடிக்கும் 'சரி'. அதே மூடியை மறுபடி வேறு செய்து வைத்திருந்தார்கள், பாவிகள்!

"ஏன்டா, இதைத்தான் வேணாம்னு அன்னைக்கே விட்டோமே?"

"யாருக்குக்கா ஞாபகம் இருக்கு? ஃபார்ம் நிரப்பவே பொழுது சரியா இருக்கு" என்றான் மூடி செய்பவன்.

சுருக்கென்றது. கோபம் அவன்மேல் இல்லை, தன்மேல்தான். தரநிலையை எடுத்து முதலிலிருந்து படித்தாள். என்ன யோசித்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், என்ன கற்றீர்கள் என்றுதான் அது கேட்டது. நாற்பத்திரண்டும் அவளுடைய கைச்சரக்கு. சுவரில் ஒரே தாளை ஒட்டினாள்: நினைச்சது, சோதிச்சது, வச்சது அல்லது விட்டது ஏன். முதல் வரியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே மற்றவர்களும் வரி வரியாக எழுத, பழைய மூடி போய்த் திருகு மூடி வந்தது.

மருத்துவமனை ஆள் வந்து, "தரநிலைக் கையேடு எங்கம்மா?" என்றார்.

"இதாங்க."

"ஒரு தாளா?"

அண்ணன் மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. "அத்தை, அந்த நாப்பத்திரண்டையும் காட்டிடலாமா?" என்று காதைக் கடித்தாள்.

"சும்மா இருடி. அதெல்லாம் பொய்."

அவர் பெட்டியைத் தட்டி, "ஏன் திருகு மூடி?" என்றார். மூடி செய்பவன் பாய்ந்து போய் ஆறாவது வரியில் விரலை வைத்து, பழைய மூடி விழுந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கண் முதல் வரிக்கு ஏறியது. சத்தமாகவே படித்தார்:

"நினைச்சது, நாப்பத்திரண்டு படிவம். சோதிச்சது, ஒரு மாசம். விட்டது ஏன்? பொய்தான் சேர்ந்தது. " பிறகு நிமிர்ந்து, "யாருதும்மா இந்தக் கையெழுத்து?" என்றார்.

"என்னுதுதாங்க."

"தோத்ததை முதல் வரியில போட்ட கம்பெனியை இப்பத்தான் பாக்கறேன். முதல்ல நூறு பெட்டி அனுப்புங்க."

அண்ணன் மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். ஃபைலக்காவுக்குக் கண் கலங்கியது. அத்தனை வருஷத்தில் தன் தப்புக்கென்று அவள் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.