சாம்பல் கூட்டத்துக்கு ஒரு தாயம்

எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது. ஒரு பச்சைத் திரைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் அதற்குப் பின்னால்தான் இருப்பேன். வெளி ஆள் யார் வந்தாலும் எனக்கு உள்ளே போய்விட வேண்டும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ரேஷன் கடையில் யாராவது குறுக்கே புகுந்தால்கூட வாய் திறக்க மாட்டேன், போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் மகள் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் லாரிக்காரர்களோடு போனில் கத்திவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. ஞாயிறு மட்டும் அவளுடைய தோஸ்துங்க ரெண்டு பேர் ராயபுரத்துக்கு எங்கள் வீடு தேடி வருவார்கள். ஒருத்தி எண்ணூர்க்காரி. வள்ளூர்ப் பக்கம் எலக்ட்ரீசியன் வேலை. இன்னொருத்தர் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற பாய். வரும்போது எனக்கென்று தனியாக அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், பார்சல் கட்டிக்கொண்டு வருவார்.

அவர்கள் ஆடுவது ஒரு கதை விளையாட்டு. என் மகள் கதை சொல்லுவாள். மற்ற ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதவை உடைக்கிறேன், சுவர் ஏறுகிறேன் என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை டைஸ் போட்டுப் பார்ப்பார்கள். அந்த டைஸுக்கு இருபது முகம். என் மகள் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் எனக்கு அந்த நேரத்தில்தான் கேட்கும். அதனால் அந்த விளையாட்டு எனக்கும் பிடித்துப்போனது. திரைக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாக் கதையும் கேட்டுவிட்டேன்.

புஸ்தகத்தில் இருக்கிற வேஷங்கள் எல்லாம் வெளியூர் வேஷம். காது நீண்ட காட்டு ஜனங்கள், தாடி வைத்த குள்ளர்கள், கோரப்பல் வைத்த முரடர்கள். கொஞ்ச நாளில் என் மகளுக்கு அலுத்துவிட்டது. "நம்ம ஊர்ல காடு எங்க கீது? நம்ம ஊருக்கு நாமளே கூட்டம் பிரிக்கலாம்" என்றாள். ஒரு மாசம் உட்கார்ந்து யோசித்தாள். கிரேன் கூட்டம் என்று ஒன்று. கழுத்து நீளம், தூரத்தில் வரும் கப்பலைப் பார்த்துவிடுவார்கள், புத்திக்கு டைஸ் போட்டால் ரெண்டு கூட்டிக்கொள்ளலாம். பெட்டிக் கூட்டத்துக்காரர்கள் கண்டெய்னர் மாதிரி ஒருத்தர் தலைமேல் ஒருத்தர் குடியிருப்பார்கள், எந்தப் பூட்டும் திறப்பார்கள். கழிமுகக் கூட்டத்துக்கு விரலுக்கு நடுவே வாத்து மாதிரி தோல். கேட்கக் கேட்க எனக்குத் திரைக்குள்ளேயே சிரிப்பு.

கடைசியாக ஒரு ஞாயிறன்று சாம்பல் கூட்டத்தைப் படித்துக் காட்டினாள். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலில் பிறந்தவர்கள். உடம்பு சாம்பல் நிறம், நெருப்பு சுடாது. பலம் கூட ரெண்டு. புத்தி கம்மி ரெண்டு.

எண்ணூர்க்காரி வடையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு மைனஸ்?"

"சும்மா, பேலன்ஸுக்குப் போட்டேன்."

"ஓகோ. உங்க ராயபுரத்துக் கிரேன்காரனுக்கு புத்தி ப்ளஸ்ஸு. எங்களுக்கு மைனஸ்ஸா? பொறக்கும்போதே மக்கா பொறந்தோமா?"

"ஏய், அது கதைடீ."

"சினிமால கூட கதைன்னுதான் சொல்றான். வடசென்னைன்னா கையில கத்தி குடுத்துடறான். நீயுமா?"

பாய் நடுவில் புகுந்து, "வுடும்மா, அந்த மைனஸ எனக்குப் போடு. எங்க வூட்ல எப்பவும் அதத்தான் சொல்றாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எண்ணூர்க்காரி தன் டைஸ்களைப் பொறுக்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு என்று தெரிந்தும் வாயில் வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தாள். அது என்னிடமிருந்து அவளுக்கு வந்தது.

எண்ணூர்க்காரி படி இறங்கிவிட்டால் திரும்ப வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ரெண்டு பேரை வைத்து என்ன ஆடுவது? அப்புறம் எங்கள் வீட்டில் ஞாயிறும் திங்கள் மாதிரி ஆகிவிடும்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. கையில் கரண்டியோடு நின்றேன்.

"அந்தச் சாம்பல் ஆள எனக்குக் குடு. நான் ஆடறேன்."

மூணு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு.

"வேணாம்மா, அது மக்குக் கூட்டம். உன் பொண்ணே எழுதிகீறா" என்றாள் எண்ணூர்க்காரி.

"நானும் எண்ணூர்தாம்மா. கட்டிக் குடுத்துதான் இங்க வந்தேன்."

அவள் என் மகளைப் பார்த்தாள். "அடிப்பாவி! பெத்தவளுக்கே மைனஸ் ரெண்டு போட்டுகீற!"

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். எண்ணூர்க்காரி பையை மடியில் வைத்தபடி, போகாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆகிறது என்று பார்க்க நினைத்தாள் போல.

என் மகள் மெதுவாகக் கதையை ஆரம்பித்தாள். கழிமுகத்துப் பாலம் உடைந்து கிடக்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது, நான் தாண்ட வேண்டும். "போடும்மா" என்று டைஸைக் கொடுத்தாள். எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்து உருட்டினேன். அது ஓடி, சுவரில் முட்டி நின்றது.

ஒன்று.

"தாயம்!"

நான்தான் கத்தினேன். கீழ் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். தாயம் ஆடும்போது மட்டும் எனக்கு வெட்கம் கிடையாது. அந்தக் குரல் எனக்குள்ளே எங்கே இருந்ததோ!

பாய் தலையில் கை வைத்துவிட்டார். "ம்மா, இதுல ஒண்ணு விழுந்தா அவுட்டுமா! அத்தவிட மோசமான நம்பரே கெடையாது!"

"ஒண்ணு விழுந்தாத்தானேப்பா காய் எறங்கும்?"

அப்புறம் எண்ணூர்க்காரிதான் முதலில் சிரித்தாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து என் மகளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"எழுதுடீ" என்றாள் எண்ணூர்க்காரி. "சாம்பல் கூட்டத்துக்கு ஒண்ணு விழுந்தா தாயம். செத்தான்னு நீங்க நெனைக்கசொல்ல எந்திரிச்சு நிப்போம். தாயம் விழுந்தா இன்னொரு தபா போடணும், அதையும் எழுது."

"அப்ப எங்க பெட்டிக் கூட்டத்துக்கு?" என்றார் பாய்.

"உங்களுக்கு ஒண்ணு விழுந்தா ஒண்ணுதான். போய்க்கினே இரு."

என் மகள் பேனாவை எடுத்து மைனஸை அடித்தாள். சாம்பலுக்கு மட்டும் இல்லை, கிரேனுக்குப் போட்ட ப்ளஸ்ஸையும். "புத்தி ஆளாளுக்கு வேற, கூட்டத்துக்கு இல்ல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சாரிடீ" என்றாள். "டீ போட்டுக் குடு, யோசிக்கிறேன்" என்றாள் எண்ணூர்க்காரி.

நான் மறுபடி உருட்டினேன். ஏழு. பாதி பாலத்தில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தேனாம். எண்ணூர்க்காரி பையைத் திறந்து தன் டைஸை எடுத்தாள். "இரு, நான் கை குடுக்கறேன். நானும் சாம்பல் கூட்டந்தான். இவங்களுக்கு அக்கா."

"அக்காவா?" என்றாள் என் மகள்.

"சாம்பல்ல எவ முன்னாடி பொறந்தான்னு நீ பாத்தியா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமை டீயை முன்னாடியே போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுகிறேன். ஆட்டத்துக்கு நடுவில் எழுந்து போக முடிவதில்லை. எண்ணூர்க்காரி மாடிப்படி ஏறும்போதே, "தங்கச்சி, கீறியா?" என்று குரல் கொடுப்பாள். அவளுக்கு என் மகள் வயசுதான். கீழ் வீட்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்ப்பார்கள். நானும் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, "வாக்கா" என்பேன்.