ஜெயிக்க முடியாத விளையாட்டு

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஜொவிட்டா வீடியோ கேம் வெளியிடும் சிறு நிறுவனம் நடத்தினாள். சுடுவதும் துரத்துவதுமான கேம்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன. ஒருநாள் ராயப்பேட்டையிலிருந்து ஃபிசா என்ற பெண் தான் செய்த கேமைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அவரோடு பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். எப்படி ஆடினாலும் கடைசியில் அவர் இறந்துவிடுவார்.

"இத்த யாரு வாங்குவாங்க, அக்கா?" என்றான் கூட்டாளி ஆஸ்டின்.

"தெரியலடா. பெருசா செலவு பண்ணா பயம் வந்துடும். சின்னதா பண்ணா துணிஞ்சு பண்ணலாம்."

குரலுக்கு நடிகர்கள் யாரையும் வைக்கவில்லை. கீழே பட்டறைச் சத்தம் இல்லாத ஞாயிறுகளில், சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஆஸ்டினே கேமில் வரும் அப்பாவுக்குக் குரல் கொடுத்தான்.

கேம் அதிகம் விற்கவில்லை. செலவு குறைவு என்பதால் நிறுவனம் தப்பியது.

ஃபிசாவின் அம்மா அஸ்மத்துன்னிசா ஒருநாள் மாடிக்கு வந்து ஆடிப் பார்த்தார். கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது இவரை உள்ளே விடவில்லையாம். திரையில் அப்பாவின் மூச்சு நின்றது. வெளியேறும் பொத்தானைக் காட்டினாள் ஃபிசா.

"இரும்மா. இன்னும் கொஞ்ச நேரம் அவராண்ட குந்திக்கினு இருக்கேன்."

ஜொவிட்டா ஆஸ்டினைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினாள்.