வண்டம்மாவின் பூங்காடு

புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டதும் அவள் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்திருந்த துண்டு நிலத்தில் அவரைக்கொடி போட்டாள். வரப்பை ஒட்டி ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குப் பயிர் வைக்காமல் சாமந்தியும் கொத்தமல்லியும் சூரியகாந்தியும் விதைத்துப் பூக்க விட்டாள். பூச்சிகள் தங்க நாணல் தட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். கல்லும் மரக்கட்டையும் குவித்து வைத்தாள். பொறிவண்டுகளும் சின்னச் சின்னக் குளவிகளும் அங்கே குடியேறி, அவரையில் விழுந்த அசுவினிப் பேனையும் புழுவையும் ஒழித்துக்கட்டின. ஊர் அவளை வண்டம்மா என்றது. கேலிதான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அண்ணிக்கு அந்த இடமே ஆகாது. "புருஷனை வச்சுக்கத் தெரியல, பூச்சியை வச்சுக் குடும்பம் நடத்துறா" என்பாள், அவள் காதில் விழும்படி.

ஒருநாள் மோட்டார் போடப் போன அண்ணியின் கண்ணிமையில் பெரிய குளவி ஒன்று கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காயாக வீங்கியது. அண்ணன் மண்ணெண்ணெய் கேனோடு பூங்காட்டுக்கு வந்தான்.

"அண்ணா, அது மோட்டார் ரூம்ல கூடு கட்டியிருக்கிற குளவி. இங்க இருக்கிறது கொட்டாது. வா, கூட்டையே காட்டுறேன்."

"எனக்குத் தெரியும்."

தெரிந்துமா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கேனை அவள் கையில் திணித்தான். "நீயே கொளுத்து. இல்லேன்னா இன்னைக்கே வேற வீடு பார்த்துக்க."

கொளுத்தினாள். பச்சைச் செடி லேசில் பற்றவில்லை. மறுபடியும் ஊற்றச் சொன்னான். குளவிகள் முட்டையிட்டு மண்ணால் வாயடைத்திருந்த தட்டைகள் படபடவென்று வெடித்தன. தாய்ப்பூச்சிகள் புகைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. அண்ணி கண்ணில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே, முடியும்வரை நின்று பார்த்தாள்.

மறுநாள் டிராக்டர் வந்து சாம்பலை நிரவியது. அண்ணன் வயலுக்கு லாரி போக அங்கே பாதை விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்கிட்ட கேட்டிருந்தா வேற பக்கம் வழி விட்டிருப்பேனே, அண்ணா."

"உன்கிட்ட நான் ஏன் கேட்கணும்?"

சீக்கிரமே அவரையில் அசுவினி அப்பியது. கொடி கொடியாக விரலால் நசுக்கிப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் பிசுபிசுத்ததுதான் மிச்சம். "எங்கே உன் பட்டாளம்? கூப்பிடேன்" என்று அண்ணி சிரித்தாள்.

அண்ணனே பூச்சிமருந்து டேங்கைக் கொண்டுவந்து அவள் முதுகில் மாட்டி வாரை இறுக்கினான். "இப்பதான் நீ விவசாயம் பண்றே" என்றான். வரப்பில் நின்றுகொண்டான்.

அவள் அடித்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது சாலில், எங்கிருந்தோ தப்பி வந்த பொறிவண்டு ஒன்று இலையடியில் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தது. பார்த்தாள். பிடியை அழுத்தும் கை நிற்கவில்லை. ஈரம் பட்டதும் அது மல்லாந்து விழுந்து கால்களை உதறியது. அவள் அடுத்த கொடிக்குப் போனாள்.