நான்கு கிட்டாரும் ஒரு சங்கும்

அன்றைக்குத் திருவிழாவில், கோயில் முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போதும் சொல்லுவேன். மாமா, அவரோடு கிட்டார் வாசிக்க வந்த மூன்று கூட்டாளிகள், கோயில் கமிட்டித் தலைவர், அம்மா, நான், மஞ்சள் நீராடி ஈர உடுப்போடு நின்ற எங்கள் வரிசை வீட்டு லயத்துச் சனம். "நான் அங்க இல்லைங்க" என்று தலைவர் பொலிசிடம் சொன்னாரே, அதனால்தான் ஆள் ஆளாகச் சொல்லுகிறேன். அவர் இருந்தார். முன்வரிசை நாற்காலியில் இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. அங்கே கையால் சுற்றுகிற சைரன் சங்கை ஊதுவதும் அவர்தான். வேளைக்கு ஊதினால் வேலைக்குப் போக வேண்டும். வேளை தப்பி ஊதினால் ஓட வேண்டும். முந்தின வருடக் கலவரத்தில் காடையர்கள் வந்து லயத்தைக் கொளுத்தியபோது, அந்தச் சங்கைக் கேட்டுத்தான் நாங்கள் மலைக்கு ஓடித் தப்பினோம்.

அதற்குப் பிறகு மாமாவுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்தது. பலாப் பலகையில் தானே மூன்று செய்தார். நாலாவதும் ஸ்பீக்கர் பெட்டிகளும், யட்டவத்தை ஊரில் பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டியில் வாசித்த சிங்களக் கூட்டாளியுடையவை. பாட்டு என்று ஒன்றும் கிடையாது. எல்லாக் கம்பியையும் ஒரே சுருதிக்கு முறுக்கி, இரும்புத் துண்டால் அழுத்தி, நாலு பேரும் சத்தத்தை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோவார்கள். பிறகு அதைவிட மெதுவாகக் கீழே. கீழே வருவது, பெட்டி பழுதாகிற சத்தமாகத்தான் எனக்குப் பட்டது.

"சினிமாப் பாட்டு வராதா மாமா ஒங்களுக்கு?"

"இத முழுசா கேட்டாத்தான் புள்ள வெளங்கும்."

தலைவர் ஒத்திகைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கிட்டார்னா பைலாதானேடா? நீ அடிடா, ஆடுறதுக்கு நாங்க இருக்கோம்" என்று அனுமதி கொடுத்தவர் அவர்தான்.

பின்னேரம் தொடங்கினார்கள். "கரன்ட் கோளாறு போல" என்று யாரோ சொல்ல, பொம்பளைகள் சிரித்தார்கள். சத்தம் ஏறியது. சிரிப்பு நின்றது. உச்சிக்குப் போனபோது அது கிட்டார் இல்லை.

"ஐயோ, சங்கு!"

அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் உருண்டன. அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. எல்லாருக்கும் முன்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தவர் தலைவர். "ஓடாதீங்க! இன்னும் மிச்சம் இருக்கு! ஒக்காருங்க!" என்று மாமா மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்.

பொலிஸ் ஜீப் வந்தது. பற்றரி, வயர், பெட்டி. பார்த்தவர்களுக்கு அது போதும். இயக்கத்துக்குச் சிக்னல் கொடுத்தார்களாம்! சிங்களக் கூட்டாளி, "இது சங்கீதம்தான், சேர்" என்று சிங்களத்தில் கெஞ்சினார். அவரை ஓர் அறை அறைந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சனம் மலையிலிருந்து இறங்கி வந்து, "நல்லா வேணும் இவனுகளுக்கு" என்றது. ஒரு வாய்கூட இது வாத்தியம் என்று சாட்சி சொல்லவில்லை.

மாமா திரும்பியபோது இடக்கை விரல்கள் மடங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பொலிஸ் நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், அம்மா என்னை நிறுத்திவிட்டார். என் படிப்பு அதோடு சரி. இதை எழுதும்போதும் இரண்டு தரம் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டேன்.

"மிச்சத்த யாருமே கேக்கலியேக்கா" என்றார் மாமா.

"ஒன் மிச்சம் யாருக்கடா வேணும்!" அம்மா சோற்றுக் கோப்பையை நங்கென்று வைத்தார். அம்மா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

லயம் எரிந்த அன்று சங்கைச் சுற்றியவர் மாமா. கையை விட்டாலும் அது உடனே நிற்காது. முனகி முனகித்தான் அடங்கும். நாங்கள் ஓடிவிட்டோம். அடங்கியதை அவர் ஒருவர்தான் நின்று கேட்டார். எங்கள் காதில் அது இன்றுவரைக்கும் உச்சியிலேயே நிற்கிறது. அதைக் கீழே இறக்கி வைக்கத்தான் அந்த மனுசன் நாலு கிட்டாரைத் தேடினார் என்று, தேயிலைச் செடிக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த எனக்கு எப்படித் தெரியும்?