என் பேச்சுக்கு அடியில் கேட்ட குரல்

பணி ஓய்வுக்குப் பிறகு, பசுமலையில் ஒரு கல்லூரியில் உளவியல் ஆலோசனை முதுகலை படித்தேன். பயிற்சியில் ஒருவர் ஆலோசகராகவும் இன்னொருவர் துயரத்தோடு வந்தவராகவும் நடிக்க வேண்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, ஒரு சொல்கூட விடாமல் எழுதித் தர வேண்டும்.

என்னோடு பயிற்சி செய்தவள் சோழவந்தானிலிருந்து வரும் மாணவி. வாழப் பிடிக்காத பெண்ணாக நடிப்பதாகச் சொன்னாள். நான் அறிவுரைகளை அடுக்கினேன்.

"நீங்களே பேசிட்டீங்கய்யா, என்னைய எங்க விட்டீங்க" என்று எழும்போது சிரித்தாள்.

மறுநாள் மதியம் வீட்டில் தனியாக அந்தப் பதிவைக் கேட்டேன். என் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

"ஐயா, இது நடிப்பில்ல."

பதிவில் என் பேச்சு நிற்கவில்லை. சற்றுப் பொறுத்து அதே குரல், அதே சொற்கள். எதிரில் அமர்ந்திருந்த எனக்கு அவள் உதடு அசைந்த நினைவே இல்லை.

அதை எழுதினால் நான் கவனிக்காதது தெரிந்து மதிப்பெண் குறையும் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். பக்கத்தை முடித்த பிறகே அவளை அழைத்தேன். எடுத்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கம்மா இருக்க?"

"ஆத்தங்கரையில. இம்புட்டு நேரமாச்சா உங்களுக்குக் கேக்க?"

"சொல்லும்மா. இப்பக் கேக்குறேன்."

நெடுநேரம் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். தன் அம்மாவிடம் போனைக் கொடுக்கும் வரை நான் குறுக்கே பேசவில்லை.