உஸ்ஸக்காவும் உறுமும் மெஷினும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் மட்டும்தான் அதற்கு வேலை. மற்றபடி எல்லோருக்கும் அவள் உஸ்ஸக்கா. எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் விரலை உதட்டில் வைத்து, சுற்றி நிற்பவர்களை ஒரு ‘உஸ்’ போட்டு அடக்கிவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுப்பாள். மனிதர்கள் அடங்கினால் மட்டும் போதாது. மின்விசிறி நிற்க வேண்டும், ரேடியோ நிற்க வேண்டும், பக்கத்து மெஷின்கள் எல்லாம் வாயை மூட வேண்டும். ஒரு கடையில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வைக்கச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவள் பிறந்த வீட்டைத்தான் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் தகரப் பட்டறை, நடுவில் இரண்டே அறை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் பேசியதில்லை, கத்தியதுதான். சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட வீடு பற்றி எரிகிற மாதிரிதான் அம்மா கூப்பிடுவாள். மில் மூடியிருக்கும் நாட்களில் சிறுமி தரையில் படுத்துக்கொண்டு குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். வளர்ந்த பிறகு அழைப்பு மணிகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் செப்புக் கம்பியில் காயில் சுற்றினாள். கம்பெனியை மூடியதும் விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்க்க இறங்கினாள். சுற்றிலும் வாயைக் கட்டினால் மெஷின் தன் நோயைத் தானே சொல்லும் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் அவள் கட்சிதான் ஜெயித்தது. அதுதான் வினையாகவும் வந்தது.

அவள் கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். சிறு வயதிலேயே பார்வை போனவர். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுவது எந்த டாக்டர், அவர் இன்று காலை மனைவியோடு சண்டை போட்டாரா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். சத்தத்துக்குப் பயந்து ஓடியவளும் சத்தத்தை வைத்தே பிழைப்பவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்களே தவிர பதில் வராது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை, பின்பால். கடைத்தெருவில் உள்ள விளையாட்டுக் கூடத்தில், அவர் வயதுக்குச் சற்றே இளைய மெஷின் ஒன்று இருந்தது. கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை, அதன்மேல் உருண்டோடும் இரும்புக் குண்டு, கீழே குண்டைத் திருப்பி அடிக்க இரண்டு துடுப்பு, துடுப்பை ஆட்ட இரண்டு பக்கமும் பொத்தான். கண்ணுள்ளவனே திணறுகிற ஆட்டம். அவர் காதால் ஆடினார். குண்டு எங்கே இடித்தாலும் மெஷினின் ஸ்பீக்கர் ஒரு சுரம் கொடுக்கும். நடுக் குமிழ்களுக்கு ஒன்று, வலது வழிக்குக் கீச்சென்று ஒன்று, இடது வழிக்கு அடித்தொண்டையில் மெல்லிய ஒரு ‘டொம்’. சுரங்களுக்கு நடுவே குண்டு மரத்தில் உருளும் ஒலி. இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஞாயிறுதோறும் மச்சினனோடு, அதாவது உஸ்ஸக்காவின் தம்பியோடு, ஒரு பந்தயம். தம்பி பஸ் ஓட்டுகிறவன், கண் பார்வையில் கழுகு. ஆனாலும் நான்கு வருடத்தில் மாமாவை அவன் ஜெயித்தது விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மெஷின்தான் திடீரென்று உறும ஆரம்பித்தது. ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு இழுப்பு. மற்றவர்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அவருக்கோ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. இடது வழியின் ‘டொம்’ அந்த உறுமலுக்குள் முழுகிப் போனது, குண்டு உருள்வதும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு தோற்றார். அது பரவாயில்லை. குண்டு எப்போதோ விழுந்து போன பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உஸ்ஸக்காவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை கூடம் திறக்கும் முன்பே போய் நின்றாள். ஈ காக்கை இல்லை. கூடத்துக்காரரை விட்டு எல்லாவற்றையும் அணைக்க வைத்தாள்: விசிறி, மற்ற மெஷின்கள், குழல் விளக்கு, குளிர்பானப் பெட்டி. பானமெல்லாம் சூடாகிவிடுமே என்று அவர் முனகியதற்கும் ஒரு ‘உஸ்’ கிடைத்தது. மெஷினைத் திறந்தால் உப்பிப்போன கண்டென்சர் ஒன்று கண்ணில் பட்டது. உறுமலுக்குப் பேர் போன ஆசாமி அதுதான். மாற்றினாள், காதை வைத்தாள், நிசப்தம். கோயிலுக்குள் நிற்பதுபோல் இருந்ததாம் அவளுக்கு. ஞாயிறு மாலை கணவர் பொத்தானில் கை வைத்ததும் ‘ம்ம்ம்ம்’.

அடுத்த செவ்வாய் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு தேய்ந்திருந்தது. மாற்றினாள், நிசப்தம். ஞாயிறு வந்தது, உறுமலும் வந்தது. அதற்கடுத்த செவ்வாய் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் பலகையையே புதிதாகப் போட்டு, வயரெல்லாம் மாற்றி, இனி உறுமினால் என் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று சபதமும் செய்தாள். நல்ல வேளை, அதை யாரும் எழுதி வாங்கவில்லை.

இதற்கிடையில் கணவர் ஒரு விஷயம் சொன்னார். உறுமல் ஓயாமல் வரவில்லை, கொஞ்ச நேரம் நின்று பிறகு வருகிறது, மூச்சு வாங்குகிற மாதிரி என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷின் சூடேறினால் அப்படித்தான் என்று முடித்துவிட்டாள். ஊரையெல்லாம் வாயை மூடச் சொல்லி மெஷினிடம் காது கொடுப்பவள், சொந்தப் புருஷன் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. இதில் என்ன அதிசயம், எத்தனை வீட்டில் நடப்பதுதான்.

மூன்று ஞாயிறு தோற்ற பிறகு வந்த சனிக்கிழமை, அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே, குழம்பில் உப்பு குறைவு என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

“உன் தம்பிகிட்ட சொல்லிடும்மா. இனிமே ஞாயித்துக்கிழமை வேற ஏதாவது பண்ணலாம். பின்பால் போதும்.”

“ஏங்க, நான்தான் சரி பண்ணிடறேன்னு சொல்றேன்ல?”

“நீ பண்ணிட்டுத்தான் இருக்க. மெஷினுக்கு வயசாயிடுச்சு, எனக்கும்தான். விடு.”

விடுவதாவது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அவர் எதையும் அவளிடம் கேட்டதில்லை. ஆசைப்பட்ட ஒன்றையும் விட்டுக்கொடுக்கிறார், அதுவும் இவள் மனம் நோகாதபடி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள், செவ்வாய்வரை பொறுப்பதில்லை, உறுமல் வருகிற ஞாயிற்றிலேயே அதைப் பிடிப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு மதியம். கூடத்தில் நெரிசல் தாங்கவில்லை. மெஷின்கள் கத்த, அவற்றைவிட ஆட்கள் கத்த, ரேடியோ எல்லோருக்கும் மேலே கத்திக்கொண்டிருந்தது. தம்பியையும் கணவரையும் பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, உஸ்ஸக்கா கருவிப் பையோடு பின்பாலுக்கு அடியில் மண்டியிட்டாள். கூடத்துக்காரர் வழக்கம்போல் விசிறி சுவிட்சை நோக்கி ஓடினார்.

“வேணாங்க. எதையும் அணைக்காதீங்க,” என்றாள்.

அவர் தான் கேட்டது சரிதானா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஏனென்றால் இருபது வருடத்தில் அவள் சத்தத்துக்கு நடுவே ஒரு மெஷினையும் திறந்தவளில்லை. திறந்தபோது அவளுக்கு, மாவு மில்லுக்கும் தகரப் பட்டறைக்கும் நடுவில் மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்து, மற்ற காதைக் கையால் பொத்திக்கொண்டாள். உறுமல் இருந்தது, சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றினாள், நின்றது. மாட்டினாள், வந்தது. பலகையைத் தட்டிப் பார்த்தாள், வயரை ஆட்டிப் பார்த்தாள், தலைகீழாக நின்று பார்த்தாள் என்று சொன்னால்கூடத் தகும், அந்தக் கோலத்தில்தான் கிடந்தாள். உறுமல் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு, அவள் எதையும் தொடாத நேரத்தில், உறுமல் தானாக நின்றது. நின்ற அதே நொடியில் பக்கத்தில் எதுவோ ‘டக்’கென்று ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. குளிர்பானப் பெட்டி.

அவள் அப்படியே இருந்தாள். நான்கு நிமிடம் போயிற்று, ஐந்து ஆயிற்று. பெட்டியின் மோட்டார் ‘கிர்ர்’ என்று கிளம்பியது. ஸ்பீக்கர் ‘ம்ம்ம்ம்’ என்றது.

தவழ்ந்து போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் போச்சு. செருகினாள், வந்துவிட்டது. பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் எர்த் போகும் மூன்றாவது பல் உடைந்திருந்தது. பெட்டியில் கசியும் கொஞ்சநஞ்ச மின்சாரம் போக வழியில்லாமல், அதன் தகர மூலை பின்பாலின் இரும்புக் காலை இடித்துக்கொண்டிருந்த இடத்தில் புகுந்து, மெஷின் வழியாக எர்த்துக்குப் போயிருக்கிறது. போகிற போக்கில் ஸ்பீக்கரையும் உறுமவைத்திருக்கிறது. மூன்று செவ்வாய்க்கிழமையும் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னவள், குற்றவாளியையும் சேர்த்து அணைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் விசாரணையையே தொடங்கியிருக்கிறாள்.

எழுந்து நின்று கூடத்துக்காரரைப் பிடி பிடியென்று பிடித்தாள். உடைந்த பிளக்கோடு இதை ஓட்டுகிறீர்களே, யாராவது ஈரக் கையால் தொட்டால் என்ன ஆகும், அது கிடக்கட்டும், இவ்வளவு பெரிய கூடத்தில் பெட்டியைக் கொண்டுபோய் இந்த மெஷின்மேல் சாய்க்கத்தான் இடம் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பிளக் என் தப்புதான் அக்கா, இப்பவே மாத்திடறேன். ஆனா பெட்டிய நகர்த்தச் சொன்னது நீங்க.”

“நானா?”

“நீங்கதான். வாசல்லேர்ந்து வரப்ப சாருக்கு முட்டி இடிக்குது, கொஞ்சம் உள்ள தள்ளுங்கன்னு சொன்னீங்க. ஒரு மாசம் இருக்குமா? நானும் உங்க தம்பியும் சேர்ந்துதான் தள்ளினோம்.”

உஸ்ஸக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். பெஞ்சிலிருந்து கணவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வர, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. தன் மூக்கு உடைந்ததற்கு இவ்வளவு மகிழ்ச்சியாகச் சிரித்தவளை அந்தக் கூடம் அதற்குமுன் பார்த்ததில்லை. தெருமுனைக் கடையிலிருந்து புது பிளக் வந்தது, அவளே மாட்டினாள். நான்கு பேர் சேர்ந்து பெட்டியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். அவருடைய வழியையும் விட்டது, மெஷின் காலையும் விட்டது. பெட்டி ஓட, விசிறி ஓட, ரேடியோ அலற, பின்பால் மட்டும் உறுமாமல் நின்றது.

பந்தயம் தொடங்கியது. தம்பி முதலில் ஆடி நல்ல எண்ணிக்கை வைத்தான். மாமா என்பதற்காக ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நாகரிகம் அவர்களுக்குள் உண்டு. பிறகு கணவர் பொத்தான்களில் விரல் வைத்தார், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார். குமிழ்கள் பாடின. வலது வழி கீச்சிட்டது, துடுப்பு சரியாக வந்து அடித்தது. இடது வழியின் மெல்லிய ‘டொம்’ அந்தச் சந்தடியிலும் அவருக்குக் கிடைத்தது, அவர் புருவம் உயர்ந்ததில் உஸ்ஸக்காவுக்கும் தெரிந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிலர் சுற்றி நின்றார்கள். எண்ணிக்கை ஏறி, தம்பியை எட்டிப் பிடிக்கும் தூரம் வந்தது. கடைசிக் குண்டு.

அது மேலே போய் இரண்டு இடி இடித்து, இடது வழியில் இறங்கியது. ‘டொம்’. துடுப்புக்கு எட்டாத ஓரமாக உருண்டது. குண்டு இன்னும் பலகையின் மேல்தான் இருந்தது. அவர் அதற்குள் பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“போச்சு,” என்றார்.

அதன் பிறகுதான் அது குழிக்குள் விழுந்தது. நூற்றுச் சொச்சம் புள்ளியில் தோல்வி. யாரும் சிரிக்கவில்லை. தம்பி ஜெயித்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். உஸ்ஸக்கா பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை சூடாக, துள்ளிக்கொண்டிருந்தது.

“விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுது, கேட்டியா?” என்றார் அவளிடம். “மூணு வாரமா எப்ப தோத்தேன்னே தெரியாம நின்னேன். இன்னைக்கு நானே பார்த்துத் தோத்தேன்.”

பிறகு மச்சினன் இருந்த திசைக்குத் திரும்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “நிக்காதடா, ஆடு,” என்றார்.